முதலாளி ஓட்டிய வண்டி

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் சொகுசுக் கார் ஷோரூம் வைத்திருந்த சென்னியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எதிர்த்த ஷோரூமில் கார்கள் பறந்தன. இவருடையவை தூசி படிந்து நின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தெய்வானையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க நிக்கற காருல ஒண்ணையாச்சும் சாயங்காலத்துக்குள்ள வித்துப்போடோணும். இல்லீன்னா நாளைக்கு வராதே!"

மத்தியானம் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி அருக்காணியம்மாள் வந்தார். உள்ளிருந்த கார்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற காரைக் காட்டி, "அது யாரோடது அம்மிணி?" என்றார்.

"எங்க முதலாளி ஓட்டறதுங்க."

"அவரே ஓட்டறாருன்னா அதுதான் நல்ல வண்டி. அதையே குடு!"

தெய்வானை சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்பணத்தை வாங்கினாள்.

வண்டி விற்ற சேதி கேட்டுச் சென்னியப்பன் சந்தோஷத்தில் துள்ளினார். "எந்த வண்டி போச்சு?"

"உங்க வண்டிதானுங்க. எதிர்த்த ஷோரூம்ல வாங்கினீங்களே, அது. வர்றவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போயிடறாங்க."

ஷோரூமே குலுங்கிச் சிரித்தது.

தெய்வானை பவ்யமாகக் கேட்டாள்: "வீட்டுக்குப் போக வண்டி வேணுமில்லீங்களா? நம்முளுதுல ஒண்ணு காட்டட்டுங்களா?"

அன்று சாயங்காலம் சென்னியப்பன் முதல் தடவையாகத் தன் கடைக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதையும் தெய்வானைதான் விற்றாள், தள்ளுபடி கொடுக்காமல்.