மதகடியில் ஒரு விசாரணை

ஏரி மதகைச் சுவர் வைத்து அடைக்கச் சொல்லிப் பாளையக்காரர் ஓலை அனுப்பிவிட்டார். தண்ணீர் முழுக்க அவர் தோப்புக்காம். ஐந்து ஊர் நெல்லும் பால் பிடிக்கிற சமயம். சனங்கள் திரண்டு வந்து மதகின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்வரை எந்தக் கொத்தனாரும் கரண்டியை எடுக்க மாட்டார்.

அவர்களோடு உட்கார்ந்திருந்தார் வடிவம்மை என்ற துறவி. அவருடைய சீடர் சாத்தையா குருவைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு காவல் சாவடியில் விசாரணை செய்தவர். மோர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

"அம்மா, கூட்டத்துல ஒற்றன் இருக்கான்."

"இருப்பான்."

"எதுக்கு வந்தேன்னு ஒவ்வொருத்தரையா கேக்கப்போறேன். காரணம் சொல்லத் தெரியாதவனை நம்ப முடியாது."

வடிவம்மை சற்று நகர்ந்து அவருக்கு வழிவிட்டார். "கேளுங்க."

முதலில் மாட்டியவன் பூவலிங்கம்.

"மச்சான் வந்தான், நானும் வந்தேன்."

"ஓலையில என்ன எழுதியிருக்கு?"

"அது மச்சானுக்குத்தான் தெரியும்."

மச்சானைக் கேட்டால், பூவலிங்கம் கிளம்பியதால் கிளம்பினானாம். இரண்டு பேரையும் சாத்தையா வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்து செவந்தி.

"எதிர்வீட்டு அக்கா வரப்புல உக்காந்து அழுதா. எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல."

"உனக்கு வயல் இருக்கா?"

"இல்லீங்க."

"வயலே இல்லாதவளுக்கு மதகுல என்ன வேலை?"

செவந்தி முகம் சிறுத்து எழுந்தாள். அவளோடு அவள் தெருவே எழுந்து போனது. சாத்தையாவின் சந்தேகம் இன்னும் பெருத்தது.

இப்படியே ஒவ்வொரு தெருவாகக் கலைந்து, பிற்பகலில் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவன் மிஞ்சினான். ஓலையின் வாசகத்தை வரி பிசகாமல் சொன்னான். மதகின் அகலம் சொன்னான். நியாயத்தைத் தவிர வேறெதற்காகவும் வரவில்லை என்றான். சாத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவர் ஒருத்தர் போதும் அம்மா!"

வடிவம்மை அந்த ஆளிடம் கேட்டார். "உங்களுக்குச் சோறு யார் வீட்டுலேர்ந்து வருது?"

"யாரையும் எனக்குத் தெரியாதுங்க."

கைகழுவி வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. சற்று நேரத்தில் தூரத்தில் கரையோரமாகச் செங்கல் வண்டி வருவது தெரிந்தது. கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து மதகைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான் அவன்.

சாத்தையா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஐந்து ஊர்ச் சோற்றில் தன் கையாலேயே மண்ணைப் போட்டாயிற்று.

"வண்டி வர்றதுக்குள்ள செவந்தி வீட்டுக்கு ஓடுங்க," என்றார் வடிவம்மை.

"நான்தானே விரட்டுனேன்? போய் என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவேன்?" சாத்தையா அவசரமாகத் துண்டால் முகத்தை ஒற்றினார்.

வடிவம்மை அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணைத் துடைக்காமப் போங்க."