சங்குத்தீவு மடத்துக் கஞ்சி

சங்குத்தீவில் பிக்குகளின் மடம் அழிந்ததற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள். என் முப்பாட்டனுக்கெல்லாம் முப்பாட்டன் அதை இடிக்க வந்த படையோடு அன்று அங்கே வரிசையில் நின்று கஞ்சி குடித்தவர்.

மடத்தை இடிக்கத் தளபதி கண்டராயன் நூறு வீரர்களோடு வந்திறங்கினான். இரண்டு நாள் பட்டினியில் எவனுக்கும் கடப்பாரையைத் தூக்கத் தெம்பில்லை. தளபதி மடத்துச் சமையல்காரன் வேம்பனைக் கூப்பிட்டான்.

"கஞ்சி காய்ச்சுடா. உப்புத் தின்ற வீட்டில் என் ஆட்கள் கைவைக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு கல் உப்புப் போட்டாலும் உன் தலை இருக்காது."

"உத்தரவு சாமி. அடுப்புப் பக்கமே உட்கார்ந்து பாத்துக்குங்க."

தளபதி கண்கொட்டாமல் பார்த்தான். வேம்பன் உப்புச் சட்டியைத் திறக்கவே இல்லை. பசியில் எல்லோரும் வழித்துக் குடித்தார்கள். தளபதி மட்டும் மூன்று கலயம்.

"உப்பில்லாமலே இவ்வளவு ருசியா?"

"கிணத்துல தண்ணி கொஞ்சம் பத்தலை சாமி. நாலு குடத்துக்கு ஒரு குடம் கடல் தண்ணி ஊத்தினேன்."

வீரர்கள் கடப்பாரைகளைக் கீழே போட்டார்கள். தளபதி காலிக் கலயத்தைப் பார்த்தான். எழுந்து படகேறினான்.

பிறகு மடத்தை யார் அழித்தது என்பீர்கள். இருநூறு வருஷம் கழித்துக் கடல் வந்து விழுங்கியது. அதனிடம் போய் உப்பிட்ட நன்றியைக் கேட்க முடியுமா? அந்த உப்பே அதனுடையதுதானே.