அஞ்சனத்தின் கம்பிக் கூடு

சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஒரு புன்னை மரம் தனியாக நின்றது. புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு காகக் குடும்பம் பட்டணத்தை விட்டு அந்த மரத்துக்குக் குடி வந்தது.

அம்மாக் காகத்தின் பெயர் அஞ்சனம். அப்பாக் காகம் கார்முகில். குஞ்சுகள் இரண்டு. மூத்தவள் மிளகு, நன்றாகப் பறப்பாள். இளையவன் எள்ளு. அவனுக்கு நெஞ்சில் இளைப்பு. பட்டணத்துப் புகையில் இருமி இருமி, பறக்கப் பழக வேண்டிய வயதில் கூட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தான்.

“கடல் காத்துதான் இவனுக்கு மருந்து. இங்கேயே இருந்தா பிள்ளை நமக்கு மிஞ்ச மாட்டான்!” என்று கார்முகில்தான் முதலில் சொன்னான்.

அஞ்சனம் இரண்டு நாள் தன் கூட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள், “வர்றேன். ஆனா என் வீட்டை விட்டுட்டு வர மாட்டேன்!” என்றாள்.

அவள் வீடு முழுக்கக் கம்பி. பஸ் டெப்போ வாசலில் சுள்ளிக்கு எங்கே போவது? கிடைத்ததை எல்லாம் வளைத்து முறுக்கிக் கட்டியிருந்தாள். அதில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இருந்தது. ஜோடி சேர்ந்த புதிதில் கார்முகில் கொண்டுவந்து கொடுத்தது. ஓர் ஒடிந்த குடைக்கம்பி இருந்தது. மிளகு முட்டைக்குள் இருந்த மழைக்காலத்தில் கிடைத்தது. எதிர்க் கட்டடத்து மூன்றாவது மாடியில் குடியிருந்த அம்மா தேடித் தேடி அலுத்துப்போன ஹேங்கரும் அங்கேதான் இருந்தது. மீதியெல்லாம் மேம்பாலம் கட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன கட்டுக்கம்பி.

மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரியின் கூரையில் எள்ளுவை உட்கார வைத்து அழைத்து வந்தார்கள். அதே லாரியில் ஏழு நடை போய் வந்து, கார்முகில் ஒரு கம்பி விடாமல் கொண்டுவந்து சேர்த்தான். அஞ்சனம் புன்னையின் கவட்டில் பழைய கூட்டைப் பழையபடியே கட்டினாள். எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்பது கூட மாறவில்லை.

எதிரே ஈர மணலில் ஒரு வெள்ளைக் கடற்காகம் நின்று வேடிக்கை பார்த்தது. அதன் பெயர் நுரை. கப்பலைத் தாண்டி, நாட்டைத் தாண்டி, வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு இந்தக் கரைக்கு வந்து போகிற பறவை.

“ஏ பட்டணத்துக்காரி! வீடு கட்டுறியா, வேலி போடுறியா?”

“வீடுதான். நீங்க யாரு?”

“நானும் காகம்தான். கடற்காகம்!”

அஞ்சனம் மேலும் கீழும் பார்த்தாள். “பேருதான் காகம். உடம்புல ஒரு கறுப்பு இறகாச்சும் இருக்கா?”

நுரை விழுந்து விழுந்து சிரித்தாள். “வாய் இருக்கு, பொழைச்சுக்குவே! ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தக் கடல் இருக்கே, இது இரும்பைத் திங்கும். நங்கூரத்தையே அரிச்சுப்போடும். உன் கம்பி எம்மாத்திரம்? தோப்புல பனை நார் கிடக்கு. கரையில அறுந்த வலை நூல் கிடக்கு. அதை எடுத்துக் கட்டு.”

“குப்பையிலயா என் பிள்ளைங்க தூங்கணும்? இது புயலுக்கே அசையாத வீடுக்கா!”

“அது பட்டணத்துப் புயல்” என்று சொல்லிவிட்டு நுரை பறந்துவிட்டாள்.

நாட்கள் போயின. பத்தாம் நாளே எள்ளுவின் இருமல் நின்றுவிட்டது. “என் பிள்ளைக்கு மூச்சைக் கொடு சாமி” என்று அஞ்சனம் விடிந்ததும் கிழக்கே பார்த்து வேண்டுவது வழக்கம். சாமி கொடுத்துவிட்டார். அது கூட அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஏனென்றால் அவள் நினைப்பெல்லாம் பட்டணத்தில் இருந்தது.

விடியற்காலையில் முதல் பஸ் உறுமுகிற சத்தம். டீக்கடையில் வடை போடுகிற வாசனை. மத்தியானம் மூன்றாவது மாடி அம்மா கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் கூப்பிடுகிற குரல். அந்தச் சோற்றில் வாய் வைப்பதற்கு முன்னால் அஞ்சனம் தெருவையே கூப்பிடுவாள். பதினாறு பேர் பறந்து வருவார்கள். ஆளுக்கு ஒரு பருக்கைதான் வரும். ஆனாலும் அது விருந்து!

இங்கே யாரைக் கூப்பிடுவது? சவுக்குத் தோப்பிலும் காகங்கள் இருந்தன. அவர்கள் பேச்சே ராகமாக, வேறு மாதிரி இருந்தது. அஞ்சனம் கிடைத்த மீனைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து, தன் நாலு பேருக்கு மட்டும் பங்கு வைத்தாள். தோப்புக் காகங்கள் தூரத்திலிருந்து பார்த்தன. கூப்பிடாத வீட்டுக்கு யார் வருவார்கள்?

கார்த்திகை பிறந்தது. கம்பிகள் சிவக்கத் தொடங்கின. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“அம்மா, குத்துதும்மா!” என்றான் எள்ளு.

“கொஞ்சம் தள்ளிப் படு கண்ணு. இதுல தானே பொறந்தே?”

எள்ளு தள்ளிப் படுத்துப் பார்த்தான். அங்கேயும் குத்தியது. அக்காவிடம் ரகசியமாகச் சொன்னான். மிளகு கரையிலிருந்து நீல வலை நூலை இழை இழையாக எடுத்துவந்தாள். அதைத் தம்பி தனக்கு அடியில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டான். அஞ்சனம் பார்த்தபோதெல்லாம், “ஐயே, குப்பை!” என்று பிடுங்கிப் போட்டாள். மறுபடியும் கொண்டுவந்து வைத்தார்கள். கார்முகில் எல்லாவற்றையும் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று அவனுக்கு.

ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்தது. கார்முகில் இரை தேடிக் கழிமுகம் வரை போயிருந்தான். காற்று முதலில் தோப்பை ஆட்டியது. பிறகு புன்னையைப் பிடித்து உலுக்கியது. அலை ஏறி ஏறி வந்து மரத்தடியை நனைத்தது.

“பயப்படாதீங்க! நம்ம வீடு அசையாது!” என்று சொல்லி அஞ்சனம் இறக்கையை விரித்துக் குஞ்சுகளை மூடினாள்.

டப் என்று ஒரு சத்தம். குடைக்கம்பி ஒடிந்தது. அடுத்தது ஹேங்கர். பிறகு அவளுடைய ஸ்போக்ஸ் கம்பி, நடுவில் இரண்டாகி அலையில் விழுந்தது.

கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மிளகு தாவிக் கிளையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் பறக்கப் பழகாத எள்ளு சறுக்கி விழுந்தான்!

ஆனால் தண்ணீரில் விழவில்லை. அவன் சுற்றி வைத்திருந்த வலை நூல் கிளையில் மாட்டிக்கொண்டது. தூளி போல அதற்குள் அவன் தொங்கினான். கீழே அலை வாயைத் திறந்து திறந்து மூடியது.

அஞ்சனம் பாய்ந்துபோய் நூலை அலகால் கவ்வினாள். ஒரே ஒரு அலகு! தூக்க முடியவில்லை. கிளையில் மாட்டிய இழைகள் ஒவ்வொன்றாக நழுவின. மிளகு ஓடிவந்து நூலைக் கவ்வ, அஞ்சனம் வாயைத் திறந்தாள். கடற்கரைக்கு வந்த நாளிலிருந்து எழுப்பாத குரலை எழுப்பினாள்.

“கா! கா! யாராச்சும் வாங்களேன்! என் பிள்ளை! கா!”

தோப்பு சடசடவென்று எழுந்தது. காற்றை எதிர்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு, ஏழு, ஒன்பது காகங்கள் வந்தன. வெள்ளையாக நுரையும் வந்தாள்.

“பட்டணத்தம்மா, நீ மேல் நூலைப் பிடி!”

“ஏய், நீ அந்தப் பக்கம் கவ்வு!”

“தூக்கு, தூக்கு, விட்டுடாதே!”

பத்துப் பன்னிரண்டு அலகுகள் சேர்ந்து தூளியோடு எள்ளுவைத் தூக்கின. தோப்புக்குள் காற்றடிக்காத பள்ளத்தில் கொண்டுபோய் இறக்கின. எள்ளு கண்ணைத் திறந்து, “அம்மா, குப்பை அறுந்து போகலைம்மா!” என்றான்.

அஞ்சனம் அவனை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையைக் கோதிவிட்டாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். “உங்க பேரு கூட எனக்குத் தெரியாதே. எப்படி வந்தீங்க?”

தோப்புக் காகங்களில் ஒருத்தி இறக்கையை உதறினாள். “நீ கூப்பிட்டே, வந்தோம். முன்னமே கூப்பிட்டிருந்தா முன்னமே வந்திருப்போம்! மாசக்கணக்கா வாயே திறக்காம இருந்தா நாங்க என்னத்தைக் கண்டோம்?”

“அக்கா, நீங்க இவ்வளவு தூரம் பறந்து வரும்போது ஊர்லேருந்து என்ன கொண்டு வருவீங்க?” என்று, ஒடிந்துபோன கம்பிகளை நினைத்தபடி அஞ்சனம் நுரையிடம் கேட்டாள்.

“வாயைத்தான்! வேற எதைத் தூக்கிட்டுக் கடலைத் தாண்டுறது?”

மறுநாள் வெயில் அடித்தது. காற்று நின்றதும் திரும்பி வந்திருந்த கார்முகில் பனை நார் கொண்டுவந்தான். மிளகு வலை நூல் கொண்டுவந்தாள். தோப்புக்காரர்கள் சவுக்குச் சுள்ளி கொடுத்தார்கள். பழைய கம்பிகள் மணலில் சிவப்புத் துண்டும் தூளுமாகக் கிடந்தன. அலை ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போனது. அஞ்சனம் கொஞ்ச நேரம் அந்த அலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் மீன் லாரியின் ஹாரன் கேட்டது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு தானாகவே மரத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

மத்தியானம் மணலில் நாலு நெத்திலி கிடைத்தது. எள்ளு ஆசையாக வாயைத் திறந்தான்.

“இரு கண்ணு. முதல்ல கூப்பிடணும்” என்றாள் அஞ்சனம்.

பட்டணத்துத் தெருவில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள். அதில் மட்டும் துரு ஏறவே இல்லை. தோப்பிலிருந்து ஒன்பது பேரும் வந்தார்கள். நுரை மட்டும் எட்ட நின்று, “எனக்குக் கறுப்பு இறகு இல்லையே, வரலாமா?” என்றாள்.

“வாங்கக்கா! பேருல காகம் இருக்கே, அது போதும்!”

ஆளுக்கு ஒரு துணுக்குதான் வந்தது. ஆனாலும் அது விருந்து.

ஊர் மாறுகிறவர்கள் பழைய வீட்டைத் தூக்கி வர முடியாது. அங்கே பழகிய நல்ல பழக்கத்தைக் கொண்டு வந்தால், போகிற இடமும் சொந்த ஊராகிவிடும்.