விற்றதெல்லாம் லாபம்

பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பெயர் வேண்டாம். முன்னொரு காலத்தில் அங்கே ஆண்ட அரசருக்கு வியாபாரம் செய்யும் ஆசை வந்தது. பெரிய நெசவுச் சாலை ஒன்றைக் கட்டி, பொக்கிஷ அதிகாரி வச்சிரநாதரிடம் ஒப்படைத்தார். ஆண்டு முடிந்ததும் வச்சிரநாதர் பானை நிறையப் பொற்காசுடன் சபைக்கு வருவார். "நெசவுச் சாலையின் லாபம், மன்னா" என்பார். அரசர் பூரித்துப்போய்ப் பரிசு கொடுப்பார்.

விகடகவி மாசிலானுக்கு மட்டும் சந்தேகம். ஒருநாள் நெசவுச் சாலைக்கே போய்ப் பார்த்தான். பாதித் தறிகளைக் காணோம்.

"வித்துட்டாங்க சாமி. மிச்சமும் போயிட்டா நாங்க எங்கே போறது?" என்றாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி.

மறுநாள் சபையில், "மன்னா, பானையில் வருவது லாபமல்ல" என்றான்.

வச்சிரநாதர் மீசையை நீவினார். "உளறச் சம்பளம் வாங்குபவனுக்கு வியாபாரம் என்ன தெரியும்? முடிந்தால் ஒரே நாளில் என் பானையைவிடப் பெரிய பானையை நிரப்பட்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். அரண்மனையில் வேண்டியதை எடுத்துக்கொள், மாசிலா. காசு எப்படி வந்தது என்று நான் கேட்கமாட்டேன்."

மறுநாள் மாலை, இரண்டு பேர் திணறித் தூக்கிவந்த பானையை மாசிலான் சபை நடுவே வைத்தான். வச்சிரநாதரின் முகம் சுருங்கியது. அரசர் மகிழ்ந்து, "பட்டத்து யானையைக் கொண்டுவாருங்கள். இவனை ஊர்வலம் அனுப்புவோம்" என்றார்.

பாகன் தயங்கி வந்து நின்றான். "யானையை வித்தாச்சு மகாராஜா."

அரசரின் கண்கள் சிவந்தன. "என் யானையை விற்றுவிட்டு லாபம் என்கிறாயா?"

"தறியை விற்றால் லாபம் என்று பொக்கிஷ அதிகாரியிடம் கற்றேன், மன்னா. யானை தறியைவிடப் பெரிது, லாபமும் பெரிது. அரியணைக்கும் விலை கேட்டிருக்கிறார்கள். தாங்கள் சற்று எழுந்தால் கொடுத்துவிடலாம்."

அரசர் அரியணையை இறுகப் பிடித்துக்கொண்டு வச்சிரநாதரைப் பார்த்தார். "தறிகளை விற்றீரா?"

"அது... நிர்வாக நுணுக்கம், மன்னா."

"துணி விற்ற காசில் நூலுக்கும் கூலிக்கும் போக மிஞ்சுவதுதான் லாபம்" என்றான் மாசிலான். "இதைக் கணக்கிட விரல்கள் போதும். இந்தச் சபையில் விரல்களெல்லாம் மோதிரம் போடவே இருக்கின்றன."

"யானையை வாங்கியவர் யார்?" என்று கேட்டார் அரசர்.

"தறிகளை வாங்கியவர்தான். வச்சிரநாதரின் மைத்துனர். பாதி விலை என்றதும் ஓடிவந்தார்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். யானையும் தறிகளும் உடனே திரும்ப வேண்டும், பானைக் காசு நெசவாளர்களின் கூலிக்குப் போக வேண்டும், நெசவுச் சாலையை இனி மாசிலான் பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். வச்சிரநாதரின் பதவி அங்கேயே பறிபோயிற்று.

யானையுடன் வந்த மைத்துனர் வாசலில் தலையைச் சொறிந்தார். "யானைக்குப் போட்ட தீனிக்காசாவது..."

"மன்னா, அந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது செலவு என்ற சொல் தெரிந்திருக்கிறது" என்றான் மாசிலான்.

அரசர் மறுபடியும் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.