முதலாளி கிழித்த கோடு

கிட்ட நெருங்கி உட்காருங்க. காலை மட்டும் மடக்கிக்குங்க, இது வண்டி இறங்குற கதை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். முதலாளி சோமலிங்கத்துக்குத் தாத்தா வாங்கின கார் மேல கொள்ளைப் பெருமை. அதை ஓட்டுறவன் பெள்ளன். போன வாரம் மலை இறக்கத்துல மூடின உருளைக்குள்ள இருக்குற டிரம் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்கவே இல்லை. மண்மேட்டுல உரசித்தான் நிறுத்தினான்.

"ஐயா, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாத்திடலாங்க. அது காத்துப் பட்டு ஆறிக்கிட்டே இருக்கும். உங்க பாப்பா பள்ளிக்கூடம் போற வண்டிங்க."

முதலாளி வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "தாத்தா வண்டியில குறையா? உன் கால்லதான் தெம்பில்லை! பிரேக்லதான் குறைன்னா, ஒரு நட்டைக்கூடத் தொடாம இப்பவே அதை நிரூபி. இல்லேன்னா சாவியை வச்சிட்டுக் கிளம்பு!"

"சரிங்க. மேட்டுலேருந்து இறங்கி வர்றேன். எங்க நிறுத்தணுங்க?"

"இதோ, இங்க!" கைத்தடியால கோடு கிழிச்சார்.

"அப்ப அந்தக் கோட்டு மேலயே நில்லுங்க ஐயா. உங்க முழங்காலுக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்திடறேன்."

விருந்தாளிகள் பார்க்கிறாங்களே, மறுக்க முடியலை. நின்னார். பெள்ளன் மேட்டுல நின்ன காருக்குள்ள ஏறி, இன்ஜினைக் கிளப்பி ஹாரன் அடிச்சான். முதலாளியோட ஒரு கால் பின்னால போச்சு. இன்னொரு ஹாரன். கைத்தடி கோட்டு மேல கிடந்தது. முதலாளி வேலியைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள்ள நின்னார்.

கார் ஒரு அங்குலம் நகரலை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் வச்சபடியே இருந்தது.

விருந்தாளிகள் சிரிச்சு ஓயறதுக்குள்ள பெள்ளன் ஸ்பேனரோட இறங்கிக் குனிஞ்சு, முன்சக்கரத்து முதல் நட்டைத் திருகினான்.