ஆரோக்கியமேரியின் விளக்கு

“மேடம், மீட்டர் பொய் சொல்லுதா, அந்த அம்மா பொய் சொல்லுதா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

கேட்டது மாசிலாமணி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். கம்பம், கம்பி, மழை, வசவு என்று காலம் தள்ளிய மனிதர். ஓய்வுபெறப் போகிற நேரத்தில் மின்தரப் பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அங்கே தில்ஷாத்துதான் தலைவி. அவருக்கு மகள் வயது. இருந்தாலும் தர விதிகளில் அவள் சொன்னதே அவருக்கு வேதம்.

“எந்த அம்மா?”

“ஆரோக்கியமேரி. வீட்டிலேயே நகைக் கல்லுக்குப் பட்டை தீட்டுது. பக்கத்து வெல்டிங் பட்டறை ஓடினா லைட்டு துடிக்குதாம். கண்ணு உறுத்துதாம். கல்லு வீணாப்போகுதாம். இன்னொரு கல்லு கெட்டா வேலையே கிடையாதுன்னுட்டானாம் கல்லு கொடுக்கிறவன்.”

“மீட்டர்?”

“துடிப்பை அளக்கிற மீட்டர்ல ஒண்ணு வரைக்கும் போகலாம். அங்க காட்டுறது முக்கால். பாஸ்.”

“அப்புறம் என்ன? புகாரை முடிச்சிடுங்க.”

“மனசு வரலையே.”

தில்ஷாத் நிமிர்ந்தாள். “அந்த ஒண்ணுங்கிற வரம்பை யார் போட்டது சார்?”

“கமிட்டி.”

“கமிட்டிக்கு எப்படித் தெரிஞ்சது?”

எண் இருந்தது; மாசிலாமணி மதித்தார். அது எங்கே பிறந்தது என்று யார் கேட்டார்கள்?

அவள் மேசை விளக்கைப் போட்டாள். தினசரியை அவர் முன் தள்ளினாள்.

“படிங்க.”

படித்தார். அவள் விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இப்படியும் அப்படியும் படபடவென்று திருகினாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது.

“உறுத்துதா?”

“ஐயோ, நிறுத்துங்க மேடம்.”

டைப்பிஸ்ட் பொற்கொடியைக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். அதே திருகல்.

“உறுத்துதா?”

“தங்கம் விலைதான் மேடம் உறுத்துது. வேற ஒண்ணுமில்ல.”

பொற்கொடி போய்விட்டாள்.

“இப்படித்தான் சார். ஆளுங்களை விளக்கடியில உட்கார வச்சுக் கேட்டாங்க. பாதிப் பேர் உறுத்துதுன்ன இடத்துல கோடு போட்டாங்க. அதான் அந்த ஒண்ணு.”

“அப்ப பொற்கொடி பொய்யா?”

“இல்ல.”

“நான்?”

“இல்ல.”

“மீட்டர்?”

“அதுக்குப் பொய் தெரியாது.”

“இன்னும் குழப்புறீங்களே! யாரைத்தான் நம்பறது?”

“அந்த அம்மா விளக்கடியில உட்கார்ந்து பார்த்தீங்களா?”

“எதுக்கு? அதான் மீட்டர் வச்சேனே.”

தில்ஷாத் எழுந்தாள். தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மதியம் மாசிலாமணி ஆரோக்கியமேரி வீட்டில் இருந்தார். கையில் கடுகளவு கல். கண்ணில் லென்ஸ். பக்கத்தில் பட்டறை ஓடியது. விளக்கு லேசாகத் துடித்தது. அவ்வளவுதான்.

கல்லின் விளிம்பைப் பிடித்தார். தப்பியது. மறுபடி பிடித்தார். மறுபடி தப்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கொடுங்க சார், அதையும் கெடுத்துடாதீங்க” என்று அவள் பிடுங்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து லைன்மேனுக்குப் போன் போட்டார்.

“ஆரோக்கியமேரி வீட்டை வேற ஃபேஸ் கம்பிக்கு மாத்து. பட்டறை ஓடாத ஃபேஸா பார்த்து.”

“ரீடிங் வரம்பைத் தாண்டிடுச்சா சார்?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு சார்?”

“எனக்குக் கண்ணு உறுத்துதுய்யா.”