தரையில் விழாதது

மேஜர் செல்வின் பல வருடம் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, லேசர் ஆயுதம் பற்றி முதுகலை படிக்க வந்தவர். பீரங்கிக்காரருக்கு எதைச் சுட்டாலும் அது கடைசியில் தரையில் விழுந்தாக வேண்டும். அதனால் வகுப்பில் அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இது எவ்வளவு தூரம் போகும், மேடம்?"

பேராசிரியர் அங்கயற்கண்ணி நேராகப் பதில் சொன்னதே இல்லை.

"இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பட்ட கண்ணுக்கு அப்புறம் எதுவுமே தெரியாது. மிச்சத்தைச் சோதனைக் களத்துல சொல்றேன்" என்பார்.

அந்த நாளும் வந்தது. பாலைவனத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பறந்து வரும் ட்ரோனை எரித்து வீழ்த்தினால் செல்வினுக்குப் பட்டம், புதிய லேசர் பிரிவின் தலைமையும் அவருக்கே. கோட்டை விட்டால் பழைய பீரங்கியே கதி. பின்னால் அங்கயற்கண்ணி, ஆயுதத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ட்ரோன் மணல்மேட்டை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. செல்வின் அதைத் திரையில் பிடித்துவிட்டார். சட்டென்று அது மேட்டுக்கு மேலே எழும்பியது. குறி விலகவில்லை. இந்த நொடியை விட்டால் எல்லாம் போச்சு. அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். ட்ரோன் தலைக்கு மேல் சாவகாசமாகப் பறந்து போனது.

திரும்பிப் பார்த்தார். பேராசிரியரின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. செல்வினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்களா நிறுத்துனீங்க?"

"ஆமா."

"என் பட்டமே போச்சு, மேடம். குறி சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. ட்ரோனுக்குப் பின்னால?"

"வெறும் வானம்."

பேராசிரியர் கையை நீட்டிக் காட்டினார். ட்ரோன் எழும்பிய திசையில், வெகு தொலைவில், ஒரு பயணிகள் விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது.

"அது நம்ம எல்லைக்கு வெளிய. இங்க வானத்த மூடியாச்சே, மேடம்."

"எதுவரைக்கும்?"

செல்வின் வேறு வழியில் வாதாடினார். "நான் சுடுறது ஒரு நொடிதான். ட்ரோன் எரிஞ்சதும் விரலை எடுத்திருப்பேன். எடுத்தா ஒளி நின்னுடுமே."

அங்கயற்கண்ணி பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுக்குறதுக்கு முன்னாடி கிளம்பிப் போன ஒளி எங்க போய் விழும்?"

செல்வின் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டத்தைப் பற்றி அப்புறம் அவர் கேட்கவில்லை.